மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஏனுங் தம்பி, சித்த நகந்து உக்காருங்க. இன்னும் சித்த. நான் ஒல்லிதானுங்க, என்ற பைதான் குண்டு. ஆங், போதும். எங்க எறங்கறீங்க? புளியம்பட்டிங்களா? நல்லதாப் போச்சு. நான் அன்னூர்ல எறங்கிக்குவேன், பொறவு நீங்க காலை நீட்டிக்கலாம்.

கழுத்துல அட்டை தொங்குது, கம்பெனி ஆளுங்க நீங்க. கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்குளுது தாய்க் கம்பெனிங்களா, பிள்ளைக் கம்பெனிங்களா? தெரியாதா? போச்சுங்க போங்க. சம்பளம் வந்துச்சா இல்லையான்னு மட்டும் பாத்தாப் பத்தாது தம்பி, பெத்தது ஆரு, வளக்கறது ஆருன்னு கேட்டு வெச்சுக்கோணும். இந்தத் தாய் பிள்ளை கூத்துலதான் என்ற ஊட்டுக்காரி அவ அண்ணன் ஊட்டுக்குப் போயி இன்னையோட நாப்பத்தொரு நாளாச்சு. சபரிமலைக்கு மாலை போட்டவங்கூட இந்நேரம் கழட்டியிருப்பான். ஆடி மாசத்துல புதுப் பொண்ணத்தான் பொறந்த ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, இது இருவத்திரெண்டு வருசப் பழசுங்க. இதை ஆரு கூட்டிட்டுப் போனா? அதுவா போயிருச்சு. கூப்புடத்தான் போறேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. என்னையப் பாத்தாலே எல்லாருக்கும் சிரிப்புதானுங்க. அதுதான் வெனையே.

என்ற பேரு வெள்ளியங்கிரி. கணபதியில நாகமாணிக்கம் பம்ப்ஸ் இருக்குதில்லீங்க, அங்க கேண்டீன்ல பதினாலு வருசமா சோறு போடறேன். அதுக்கு முன்னால புரோட்டாக் கடை வெச்சிருந்தேன். கடைய நான் தின்னேன், என்னையக் கடை தின்னுச்சு, ரெண்டும் ஒண்ணாப் படுத்துக்கிச்சு. அப்ப என்ற மச்சாந்தான் கையப் புடிச்சுக் கூட்டியாந்து கேண்டீன்ல சேத்துவிட்டாரு. நஞ்சப்பன்னு பேரு. என்ற சம்சாரம் துளசிமணிக்குக் கூடப் பொறந்த அண்ணன். அதே கம்பெனியில பவுண்டரியில மோல்டிங் வேலை. மண்ணுல அச்சு புடிச்சு, இரும்பைக் காச்சி ஊத்துவாங்க பாத்திருக்கீங்களா, அந்த எடம். இருவத்திநாலு வருசம் அந்தச் சூட்டுல நின்னவரு. நாள் முச்சூடும் சேத்துப் பத்து வார்த்தை பேசுவாரு, அதுல நாலு 'ம்'. அவரு பேசாத மிச்சத்தையும் நாந்தான் பேசறேன்னு என்ற ஊட்டுக்காரி சொல்லுவா.

போன தைப் பொங்கல் நோம்பி முடிஞ்சு கம்பெனி தொறந்த அன்னைக்கு, எல்லாரையும் கேண்டீனுக்கு வரச்சொன்னாங்க. எச்ஆர் தம்பி ஒருத்தரு, ஹரிபிரசாத்துன்னு பேரு, மைக்கைப் புடிச்சுட்டு என்னென்னமோ சொன்னாரு. பவுண்டரி இனிமே தனிக் கம்பெனியாம். அதுக்குத் தனிப் பேராம், தனிச் சட்டையாம். நாம தாய் நிறுவனமாம், அது நம்ம துணை நிறுவனமாம். ஆரும் எங்கயும் போக வேண்டாம், மிசினு நகராது, கேட்டு அதேதான், பேப்பர்ல மட்டுந்தான் வேறன்னாரு. நான் பின்னாலருந்து கையத் தூக்கிக் கேட்டனுங்க, தம்பி, தாய் சரி, அப்பன் ஆருங்கன்னு. கேண்டீனே குலுங்கிச்சு. அவரும் சிரிச்சுட்டு, அப்பறம் சொல்றேன்னாரு. இன்னும் சொல்லலீங்க.

அடுத்த வாரமே ரெண்டு பெயிண்டருங்க வந்து செட்டுக்கு நடுவால மஞ்சக் கோடு போட்டுட்டாங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் பிள்ளை. இதுல பாருங்க, தண்ணிக் கொழாய் தாய்ப் பக்கம் மாட்டிக்கிச்சு, கக்கூசு பிள்ளைப் பக்கம் போயிருச்சு. பிள்ளை தண்ணிக்கு இங்க வருது, தாய் வவுத்தைப் புடிச்சுட்டு அங்க ஓடுது. கோட்டைத் தாண்டும்போது ரெண்டு பேரும் அட்டையக் காட்டோணும். அவசரத்துல போறவன் அட்டையக் காட்டுவானுங்களா, வேற எதையாச்சும் காட்டுவானுங்களா?

சரி, அது கெடக்கட்டும். வெனை வந்தது டோக்கன்ல. தாய்க்குப் பச்சை டோக்கன், பிள்ளைக்கு வெள்ளை டோக்கன். சோறு, கொழம்பு, ரசம், பொரியல் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போடற உளுந்து வடை மட்டும் பச்சைக்குத்தான். பழைய மொதலாளி இருந்தப்ப ஆரம்பிச்ச வழக்கமுங்க அது. வெள்ளிக்கெழமை அவரும் தட்டை ஏந்திட்டு வரிசையில நிப்பாரு, பவுண்டரிக்காரங்களுக்கு மொதல்ல ரெண்டு வடை வைக்கச் சொல்லுவாரு. இப்ப இருக்கறவங்க என்ன சொல்றாங்கன்னா, வடை தாய்க் கம்பெனியோட சலுகையாம். பிள்ளைக்கு வேணுமுன்னா பிள்ளைக் கம்பெனி சுட்டுக்கட்டுமாம். சுடறதுக்கு அதுக்கு அடுப்பு ஏதுங்க? இரும்பு உருக்கற அடுப்புதான் இருக்குது. அதுல வடை சுட்டா நட்டு போல்ட்டுக்குப் பதிலா அதையே மாட்டிக்கலாம்.

நான் நல்லவனுங்க. என்ற மச்சானுக்கு வடை இல்லைன்னு என்னால சொல்ல முடியுங்களா? ரெண்டு மாசம் சோத்துக்கு அடியில ஒளிச்சு வெச்சுக் குடுத்தேன். அவரு கேக்கவே இல்லை, நானா வெச்சேன். சோத்தைத் தள்ளிப் பாத்து, என்னைய ஒருக்கா ஏறிட்டுப் பாத்துட்டு, கம்முனு திம்பாரு. அந்த ஒரு பார்வை போதுமுங்க. பொறவு எங்க சூப்பர்வைசர் கண்டுபுடிச்சுட்டாரு. இன்னொருக்கா வெச்சா நீயும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவேன்னாரு. பயந்துட்டனுங்க. புரோட்டாக் கடைய நெனைச்சாலே எனக்கு இன்னும் சொப்பனத்துல மாவு பொங்கும்.

வைகாசியில ஒரு வெள்ளிக்கெழமை. அனல் காத்து. வரிசையில மச்சான் நிக்கறாரு, அவருக்குப் பின்னால இருந்த மோல்டிங் பையன் மருதாசலம் சும்மா இருக்காம, வெள்ளியங்கிரிண்ணா, எங்குளுக்குத்தான் இல்லை, உங்க மச்சானுக்காச்சும் ஒரு வடை வெக்கக் கூடாதாங்கறான். சூப்பர்வைசரு பக்கத்துலயே நிக்கறாரு. நான் என்னங்க பண்ணுவேன்? வெக்கவும் முடியாது, இல்லைன்னு சொல்லவும் முடியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பெரிய ஊட்டுப் பலகாரம் சின்ன ஊட்டுக்கு எப்படிடா போகும்?"

நீங்களே சிரிச்சுட்டீங்க பாருங்க. அன்னைக்கு நூத்தம்பது பேரு சிரிச்சாங்க. சூப்பர்வைசரு சிரிச்சாரு. பிள்ளைக் கம்பெனிக்காரங்களே சிரிச்சாங்கன்னா பாத்துக்கோங்க. மச்சான் மட்டும் சிரிக்கலை. தட்டை அப்படியே மேசை மேல வெச்சாரு, கையக் கழுவுனாரு. ஒரு வாய் திங்கலைங்க, எதுக்குக் கழுவுனாருன்னு தெரியலை. போயிட்டாரு. அடுத்த நாள்லருந்து தூக்குப்போசியில சோறு கொண்டாந்து சைக்கிள் ஸ்டேண்டுல உக்காந்து தின்னாரு.

அந்த வார்த்தை இருக்குதே, அது காலு மொளைச்சு ஓடுச்சுங்க. ஒரே வாரத்துல கம்பெனி முச்சூடும் அதேதான். சின்ன ஊட்டு லாரி வந்துருச்சாங்கறான் வாட்ச்மேன். சின்ன ஊட்டுல கரண்டு போயிருச்சுங்கறான் எலெக்ட்ரீசியன். பவுண்டரி வண்டி மேல ஆரோ சாக்பீசுல எழுதியே போட்டுட்டாங்க. அந்த எச்ஆர் தம்பி முக்கா மணி நேரம் மைக்குல சொன்னதை நான் ஒரே வார்த்தையில சொல்லிட்டனாமாம், எங்க சூப்பர்வைசரே சொன்னாரு. எனக்கு அதுல சித்த பெருமைதானுங்க, மறைக்கறதுக்கென்ன.

இப்ப நீங்க கேப்பீங்க, இதுக்குப் போயி ஒரு பொம்பளை கோவிச்சுட்டுப் போவாளான்னு. அதுல ஒரு விசயம் இருக்குதுங்க. எங்க மாமனாருக்கு சிறுமுகையில ஒரு குடும்பம் உண்டு. தாலி கட்டுன குடும்பம். அன்னூர்ல இருந்த என்ற மாமியா ரெண்டாவது. தாலி இல்லை. புரிஞ்சுதுங்களா? அந்த மனுசன் செத்தப்ப மச்சானுக்குப் பதினஞ்சு வயசு, என்ற ஊட்டுக்காரிக்கு எட்டு. ரெண்டையும் கூட்டிட்டு மாமியா சிறுமுகைக்குப் போயிருக்குது. அந்த ஊட்டுக்காரங்க வாசப்படி மிதிக்க விடலை. கொள்ளி வெக்க வேண்டிய பையன் ரோட்டுக்கு எதுர்க்க நின்னு பாத்துட்டு, பொணம் போன பொறவு பஸ் ஏறி வந்திருக்கான். இதை மச்சான் என்னைக்கும் சொன்னதில்லை. துளசிதான் எனக்குக் கல்யாணமாகி நாலாவது வருசம் சொன்னா. சொல்லிட்டு, இதை என்னைக்கும் பேசாதீங்கன்னா.

எனக்குத் தெரியாதுங்களா? தெரியுமுங்க. ஆனா வடையும் கரண்டியுமா நிக்கறப்ப அதெல்லாம் ஞாபகத்துக்கு வருமுங்களா? நாக்கு அதும்பாட்டுக்குப் பேசிருச்சு. கம்பெனியப் பத்தித்தானுங்க சொன்னேன். மச்சானைப் பத்திச் சொல்லலை. அதை ஆரும் பிரிச்சுப் பாக்க மாட்டீங்கறாங்க.

பேக்கிங்குல வேலை பாக்கற பொம்பளை ஒண்ணு எங்க வீதியில இருக்குது. அதுதான் துளசிகிட்ட வந்து, உங்க ஊட்டுக்காரரு என்னமா பேசறாருங்க்கா, கம்பெனியே அதைத்தான் பேசுதுன்னு சொல்லிச் சிரிச்சிருக்குது. நான் ஊட்டுக்கு வந்தப்ப இவ மொளகாய் காம்பு கிள்ளிட்டு இருந்தா. சண்டை போடலைங்க. சண்டை போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். கேள்விதான் கேட்டா.

"எத்தனை பேரு இருந்தாங்க?"

நூத்தம்பது இருக்கும்னேன்.

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

ஆமான்னேன். தமாசுக்குத்தான்டின்னேன். அவ மொளகாய அள்ளி டப்பாவுல போட்டா, கையக் கழுவுனா, பொடவை நாலை எடுத்துப் பையில வெச்சா. நடையில நின்னு ஒண்ணே ஒண்ணு சொன்னா.

"அதே எடத்துல, அத்தனை பேரு முன்னால, எங்கண்ணன்கிட்ட தப்புன்னு சொல்லுங்க. சிரிக்காம சொல்லுங்க, சிரிக்க வெக்காம சொல்லுங்க. சொல்லிட்டு வந்து கூப்புடுங்க, வர்றேன்."

அவ்வளவுதான். நர்சிங் படிக்கற என்ற புள்ளைக்குப் போன் போட்டேன், அம்மா சொல்றதைச் செய்ங்கப்பான்னு வெச்சுட்டா.

செய்யாம இருப்பனுங்களா? மூணாம் நாளே சொல்லிரலாம்னு சாப்பாட்டு நேரத்துல ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னேன். எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க, நான் ஒண்ணு சொல்லோணும்னேன். அதுக்கே சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க தம்பி. நான் இன்னும் வாயே தொறக்கலை. வெள்ளியங்கிரி ஆரம்பிச்சுட்டாண்டா, வாங்கடான்னு பின்னாலருந்தவன் எல்லாம் முன்னால வர்றான். அத்தனை மூஞ்சியும் பல்லைக் காட்டிட்டுக் காத்திருக்குது. நான் என்ன பண்ணுவேன்? ரசத்தைப் பத்தி ஏதோ சொல்லிட்டு எறங்கிட்டேன். அதுவுமில்லாம மச்சானே அங்க இல்லையே, அவருதான் சைக்கிள் ஸ்டேண்டுல இருக்காரே.

சரி, அடுத்த வெள்ளி மச்சானைக் கையக் காலைப் புடிச்சாச்சும் உள்ள கூட்டியாந்து சொல்லிரலாம்னு இருந்தனுங்க. அதுக்குள்ள நோட்டீசு ஒட்டிட்டாங்க. பிள்ளைக் கம்பெனிக்காரங்க இனிமே எங்க கேண்டீனுக்கு வரக்கூடாதாம். அவங்களுக்கு வெளியிலருந்து கேரியர்ல சோறு வருமாம், பவுண்டரி செட்டுலயே திங்கோணுமாம். அதே எடம் இங்க இருக்குது, அதே ஆளு அங்க இருக்காங்க. நான் எங்க நின்னு சொல்றது? கோட்டு மேலயா?

எச்ஆர் தம்பிகிட்ட போனேன். வெவரமெல்லாம் சொல்ல முடியுங்களா, சொந்த விசயமா ரெண்டு கம்பெனி ஆளுங்களையும் அஞ்சு நிமிசம் ஒண்ணா நிக்க வெக்கோணுங்க, இல்லைன்னா நான் அந்தப் பக்கம் போறதுக்கு ஒரு சீட்டுக் குடுங்கன்னேன். அவரு, நீங்க தாய்க் கம்பெனி ஆளு, அங்க போயி உங்க கால் மேல இரும்பு விழுந்தா ஆரு பொறுப்பு, அந்தக் கம்பெனி எச்ஆர்கிட்ட பர்மிசன் வாங்கியாங்கன்னாரு. அந்த எச்ஆர் ஆருங்கன்னேன். நாந்தான், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வாங்கன்னாரு. நான் லொள்ளுப் பண்ணலீங்க, நெசமாலுமே. காத்தால தாய்க்கு, மத்தியானம் பிள்ளைக்கு. ரெண்டரைக்குப் போனேன். அதே ரூமு, அதே சேரு, கழுத்துல வேற அட்டை. மறுபடியும் மொதல்லருந்து என்ன விசயம்னு கேக்கறாரு. எல்லாம் கேட்டுட்டு, தாய்க் கம்பெனி லெட்டர் குடுத்தாத்தான் நாங்க பரிசீலிக்க முடியுங்கறாரு. அந்த லெட்டரை ஆரு குடுக்கோணும்னேன். காத்தால வாங்கன்னாரு.

இப்படியே ஆனி போச்சு, ஆடியும் பாதி போச்சு.

இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுங்களா? காத்தால கேண்டீன்காரங்க பதினோரு பேரையும் கூப்புட்டு, கேண்டீனையும் பிரிச்சாச்சுன்னுட்டாங்க. அது இப்ப பிள்ளைக் கம்பெனிக்குக் கீழ இன்னொரு கம்பெனியாம். பேத்தின்னு வெச்சுக்கோங்களேன். கையில வெள்ளை டோக்கனைக் குடுத்துட்டாங்க. தாய்க்குச் சமைச்சுப் பரிமாறிட்டு, நாங்க திங்கறதுக்குக் கோட்டைத் தாண்டிப் பவுண்டரிக்குப் போகோணுமாம். வெள்ளிக்கெழமை வேறயா, முந்நூறு வடை என்ற கையால சுட்டுட்டு, வெறுங்கையோட போனேன்.

உள்ள நொழையறேன், அந்த மருதாசலம் பய சத்தமாச் சொல்றான், வாங்க வாங்க, சின்ன ஊட்டுக்கே ஒரு சின்ன ஊடு வந்திருக்குதுன்னு. அறுவது பேரு. ஒருத்தன் பாக்கியில்லாம சிரிக்கறான். பதினாலு வருசம் சோறு போட்ட கையிங்க இது. மூஞ்சிக்கு நேரா ஒரு மனுசனைப் பாத்து இப்படிச் சொல்லலாமுங்களா? திங்கறதுக்கு வந்தவனை, தட்டும் கையுமா நிக்கறவனை, நாலு பேரு முன்னால?  எங்க போயி உக்கார்றதுன்னு தெரியாம அப்படியே நிக்கறேன்.

மச்சான் எந்திரிச்சாரு. "மருதா, வாய மூடு. மாப்பிள்ளை வந்திருக்காரு, எடம் விடு." அவ்வளவுதான் சொன்னாரு. மோல்டிங் பொட்டி ஒண்ணை இழுத்துப் போட்டு, துண்டால தட்டிவிட்டாரு.

செட்டே அமைதியாயிருச்சுங்க.  அறுவது பேரும் எங்க ரெண்டு பேரையும் பாக்கறாங்க. மச்சான் எதுர்ல இருக்காரு. ஒருத்தன் சிரிக்கலை. இதுக்குத்தானே நாப்பத்தொரு நாளாக் காத்திருந்தேன்? தொண்டை வரைக்கும் வந்துருச்சு தம்பி. வாயத் தொறந்தேன். சாம்பாரைப் பாத்தேன். பருப்பை இதுல போட்டாங்களா, இல்லை போட்டோ புடிச்சுக் காட்டுனாங்களான்னு கேட்டுட்டேன்.

சிரிச்சாங்க. நல்லாச் சிரிச்சாங்க. மருதாசலம் என்ற முதுகுல தட்டுனான்.

மச்சான் சோத்தைத் தின்னு முடிச்சாரு, தட்டைக் கழுவி வெச்சாரு. என்னையத் தாண்டிப் போறப்ப மெதுவா, "துளசி கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் மாப்பிள்ளை"ன்னுட்டுப் போயிட்டாரு. அவருக்கு அது அதிகமுங்க. இன்னைக்குக் கணக்குல பாதி வார்த்தை அதுலயே தீந்திருக்கும்.

இப்ப சொல்லுங்க, தப்பு ஆரு மேல? ஒழுங்கா ஒரே கம்பெனியா இருந்திருந்தா இந்த டோக்கன் வந்திருக்குமா, இந்தப் பேச்சு வந்திருக்குமா? வெட்டறதையும் ஒட்டறதையும் கம்பெனிக்காரங்க பண்ணறாங்க, பொண்டாட்டியத் தொலைச்சுட்டு நிக்கறது நானு.

கோவில்பாளையம் தாண்டிருச்சுங்களா? அப்ப நேரமில்லை. தம்பி, ஒரு ஒத்தாசை பண்றீங்களா? உங்ககிட்ட ஒருக்கா சொல்லிப் பாத்துக்கறேன். நீங்கதான் எங்க மச்சான்னு வெச்சுக்கோங்க. சிரிச்சுப்புடாதீங்க. நீங்க சிரிச்சா நான் தொலைஞ்சேன். பல்லைக் கடிச்சுக்கோங்க. இருங்க, சட்டையச் சரி பண்ணிக்கறேன்.

மச்சா. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. உங்களையும் துளசியையும் உங்கம்மாவையும் நூத்தம்பது பேரு முன்னால சிரிப்பாக்கிட்டேன். தெரிஞ்சேதான் சொன்னேன். சிரிப்பாங்கன்னு தெரியும், அதுக்காகத்தான் சொன்னேன். மன்னிச்சுருங்க.

என்னங்க தம்பி, முன் சீட்டு அம்மா எதுக்குத் திரும்பிப் பாக்கறாங்க? சத்தமாச் சொல்லிட்டனா? கண்டக்டரும் பாக்கறாரு. ஒருத்தருமே சிரிக்கலீங்களே. நான் யோசிச்சு வெச்சிருந்தது வேறங்க. 'தெரிஞ்சேதான்'னு ஒரு வார்த்தை அதுல இல்லவே இல்லை. அது எப்படி நடுவுல வந்துச்சுன்னு எனக்கே தெரியலை.

பஸ்ஸுல எத்தனை பேரு இருப்பாங்க? அம்பது இருப்பாங்களா? நிக்கறவங்களையும் சேத்து எழுவது வெச்சுக்கலாம். நூத்தம்பதுக்கு எழுவது. அவகிட்ட இதைச் சொன்னா ஒத்துக்குவாளுங்களா? நீங்க ஒரு எட்டு எறங்கி வந்து, ஆமாங்க, ஆரும் சிரிக்கலைன்னு சொன்னீங்கன்னா... வேண்டாம், வேண்டாம். உங்க ஊரு புளியம்பட்டி, நீங்க போங்க. அவ எடமும் கேப்பா, அண்ணன் எங்கன்னும் கேப்பா.

சிரிக்காம ஒண்ணைச் சொன்னா, அந்த அரை நிமிசம் இவ்வளவு நீளமாவா இருக்குமுங்க? 

அன்னூருங்களா? வந்துருச்சா? எறங்கறனுங்க கண்டக்டரே. விசிலை அடிச்சுராதீங்க, ஒரு நிமிசம். காலு வர மாட்டீங்குது. எறங்கறேன், எறங்கறேன்.